அனைத்தையும் மாற்று

எங்கள் தும்பைக்குளத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்ல முடியாமல் இருந்த அந்தப் பங்குனி மாதத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால், நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மங்கையற்கரசியின் டி.டி.பி. சென்டரைத்தான் கையைக் காட்டுவோம். தொடங்கியதும் அங்கேதான், முடிந்ததும் அங்கேதான், நடுவில் நடந்ததற்கு ஊரே சாட்சி. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிரின்டர், சுவரில் மாதிரிக்கு ஒட்டிய கல்யாணப் பத்திரிகைகள், அவ்வளவுதான் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கலெக்டருக்கு மனு என்று எங்கள் ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே வரும். முன்பு இருந்த கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அஞ்சலி நோட்டீஸ் பாதியில் நின்று, பிணத்தை வைத்துக்கொண்டு வீட்டார் காத்துக்கிடக்கும் நிலைமை வந்தபோது, மதுரையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் ஒருவர் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். திரையில் கொழுகொழுவென்று ஒரு பென்குயின் உட்கார்ந்திருந்தது. பென்குயினை நாங்கள் எங்கே பார்த்தோம், அதனால் ஊருக்குள் அதற்கு வாத்துக் கம்ப்யூட்டர் என்று பேராகிவிட்டது.

அந்த வாத்துக் கம்ப்யூட்டரில் மங்கை தட்டச்சு செய்தது எடிட்டர் என்று ஒரு வெறும் ஜன்னலில். பூ பார்டர் கிடையாது, கொட்டை எழுத்து கிடையாது, பிள்ளையார் படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். அலங்காரமெல்லாம் பிறகு வேறொன்றில் கொண்டுபோய்ப் பண்ணிக்கொள்ள வேண்டும். முதலில் அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது, அப்புறம் அந்த வெள்ளை ஜன்னலில் எழுத்து மட்டும் வந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க மனசுக்குப் பிடித்துவிட்டது. மேலே மெனுவில் எல்லாம் தமிழிலேயே இருந்தது: திற, சேமி, கண்டுபிடி, மாற்று, செயல்தவிர். தமிழில் பேசுகிற மிஷின் சொன்னபடி கேட்கும் என்று அவள் நம்பினாள். கேட்கத்தான் செய்தது.

பங்குனித் திருவிழாவுக்கு நாடகம் போடுவது எங்கள் வழக்கம். அந்த வருஷத்து நாடகத்தை டைப் அடிக்கக் கொடுத்திருந்தார்கள், அடித்துக்கொண்டிருந்தபோது விழாக் கமிட்டித் தலைவர் ரைஸ்மில் பெருமாள்சாமி கடைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கித் திரையைப் படித்துப் பார்த்தார். கதாநாயகன் பட்டாளத்துக்குப் போகிறவன், ஆகவே பக்கத்துக்குப் பக்கம் போகிறேன் போகிறேன் என்று அழுதுகொண்டிருந்தான்.

“என்னம்மா மங்கை, ஆத்தா சன்னதியில நின்னுக்கிட்டு ஒருத்தன் இத்தனை தடவை போறேன் போறேன்னு சொன்னா ஊரு விளங்குமா?” என்றார் பெருமாள்சாமி. “எல்லாத்தையும் போயிட்டு வர்றேன்னு மாத்திரு.”

“மாத்திரலாம்ணே. ஒரு நிமிச வேலை.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் வாசலைத் தாண்டுகிறவன் போயிட்டு வர்றேன் என்பான், அவசரமானால் வெறுமனே வர்றேன் என்பான், கால் வெளியே போய்க்கொண்டிருக்கும், வாய் வர்றேன் என்றுகொண்டிருக்கும். போறேன் என்று ஒருவன் சொன்னால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் சாவு. மங்கை மெனுவைத் திறந்தாள், ஒரு சின்னப் பெட்டி வந்தது, கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் ‘போகிறேன்’ என்றும் மாற்ற வேண்டிய இடத்தில் ‘போய் வருகிறேன்’ என்றும் அடித்தாள். கீழே இரண்டு பொத்தான். ஒன்று ‘மாற்று’, அதை அமுக்கினால் ஒவ்வொன்றாகக் காட்டி, கேட்டுக் கேட்டு மாற்றும். இன்னொன்று ‘அனைத்தையும் மாற்று’. பெருமாள்சாமி பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்ததால் அவள் இரண்டாவதை அமுக்கினாள், பிறகு பேச்சு வழக்குக்காக ‘போறேன்’ என்பதையும் அப்படியே ஒரு தடவை மாற்றினாள். நாடகத்தில் அந்தச் சொல் ஐம்பது இடத்தில் இருந்தால் அதிகம். மாற்றியாகிவிட்டது என்று ஜன்னலின் அடியில் காட்டிய எண்ணோ, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரைக்கும் நீண்டு, இடம் பத்தாமல் நின்றிருந்தது. வாத்து உளறுகிறது என்று நினைத்துக்கொண்டு அவள் சேமித்தாள். கதாநாயகி பேசுகிற பாகம் இன்னும் வந்து சேராததால் ஜன்னலை மூடவில்லை; பிற்பாடு நடிகர்கள் அதை வாய்ப்பாடமாகவே படித்துக்கொண்டதால் அதற்கப்புறம் அந்த ஜன்னலில் ஓர் எழுத்தும் அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மேலத்தெருவில் ஒரு மருமகள், மாமியாரோடு சண்டை போட்டு, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, தெருவே கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து, “நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்” என்றாள். அவள் சொல்ல நினைத்தது அதுவல்ல. திரும்பவும் சொல்லிப் பார்த்தாள், திரும்பவும் அதேதான் வந்தது. மாமியாருக்குக் கோபம் வடிந்துவிட்டது. “சரி, பாத்துப் போயிட்டு வாத்தா, கறி எடுத்து வைக்கிறேன்” என்றாள். மருமகள் அம்மா வீட்டுக்குப் போனாள், மறுநாள் விடிந்ததும் அவளுக்கே காரணம் தெரியாமல் திரும்பி வந்தாள், வந்து கறியைச் சாப்பிட்டாள்.

இப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில், பாங்கில், டீக்கடையில், யார் வாயைத் திறந்து போறேன் என்றாலும் அது உதட்டைத் தாண்டும்போது போயிட்டு வர்றேன் என்று ஆகிவிட்டது. கிளம்புறேன் என்று சொல்லிப் பார்த்தாலும், புறப்படுறேன் என்று சொல்லிப் பார்த்தாலும், ஒன்றும் சொல்லாமல் நழுவப் பார்த்தாலும் கடைசியில் அந்த வார்த்தைதான் வந்தது. வார்த்தையோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை, சொன்னவர்கள் சொன்னபடியே திரும்பியும் வந்தார்கள். ஒரு வாரம் தங்கிச் சலிப்பேற்றிய சம்பந்தி காலை பஸ்ஸில் ஏறிப்போய், சாயங்காலம் அதே பஸ்ஸில் பையோடு வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசினார். மாற்றலாகிப் போன இன்ஸ்பெக்டருக்கு மாலை போட்டு அனுப்பினோம், அவர் வந்துவிட்டார், மறுபடி மாலை போட்டோம், மறுபடி வந்துவிட்டார், அதற்குள் புது இன்ஸ்பெக்டரும் வந்து சேர்ந்ததால் ஆளுக்குப் பாதி நாள் என்று அந்த ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நாடகம் அரங்கேறியபோது பட்டாளத்துக்குப் போன கதாநாயகன் போன வேகத்தில் மேடைக்குத் திரும்பி வந்தான்; அந்த இடத்தில் கதாநாயகிக்கு வசனமே இல்லை, என்றாலும் அவள் சும்மா இருக்காமல் “வந்துட்டீங்களா, சாப்பிட்டீங்களா” என்று கேட்டு வைத்தாள், ஜனங்கள் கைதட்டினார்கள். அதைப் போல் நல்ல நாடகம் எங்கள் ஊரில் அதற்கு முன்பும் போட்டதில்லை, பின்பும் போட்டதில்லை.

அப்புறம்தான் பழைய ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அனைத்தையும் மாற்று என்றால் வாத்துக்கு இன்றைக்குச் சொன்னது, அன்றைக்குச் சொன்னது என்ற பேதம் தெரியாது போலிருக்கிறது. என்றைக்கோ எங்கள் ஊரில் நின்று போறேன் என்று சொல்லிப் போனவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். திருப்பூருக்குப் போனவர்கள் வந்தார்கள், கேரளாவுக்குப் போனவர்கள் வந்தார்கள், சாமியாராகிறேன் என்று போனவர் காவியோடு வந்து பெண்டாட்டியிடம் லுங்கி கேட்டார், இந்தக் கட்சியை விட்டே போகிறேன் என்று மைக்கில் முழங்கியவர் பழைய கட்சி ஆபீஸில் வந்து பழைய நாற்காலியைத் துடைத்தார். செத்தவர்கள் வரவில்லை, செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்லிக்கொண்டு போவதில்லை. வடக்குத்தெரு சங்கிலித்தேவர் மட்டும் நல்ல நினைவோடு மகன்களைக் கூப்பிட்டு “போறேன்டா” என்று சொல்லிச் செத்தவர், ஆனால் உடம்பைத்தான் எரித்தாயிற்றே, அதனால் தினமும் அந்தி நேரத்தில் அவருடைய இருமல் மட்டும் வந்தது. மகன்கள் ஒரு தம்ளர் காபியை அந்த இருமலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது.

நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு ஆள் கூடியது, உலையில் அரிசி கூடியது, சினிமாக் கொட்டகையில் இடம் கிடைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எல்லோரையும்விட மேலே இருந்தவள் ஒச்சம்மாள்.

ஒச்சம்மாள் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிறவள். வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலுக்கும் தட்டைத் தூக்கிக் காட்டி, கூடவே உள்ளே இருக்கிற முகங்களை ஒரு பார்வை பார்த்துவிடுவாள். பழம் விற்பதற்காக முகம் பார்க்கிறாளா, முகம் பார்ப்பதற்காகப் பழம் விற்கிறாளா என்று நாங்கள் கேலி செய்வது உண்டு. அவள் மகன் காசிமாயன் மீசை முளைக்கும் வயசில், பரீட்சையில் கோட்டை விட்டதற்கு அவள் அறைந்தாள் என்று, அதே பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் “நான் போறேன், இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று சொல்லி வடக்கே போகிற வண்டியில் ஏறியவன். இப்போது அவன் காதோரம் நரைத்து, வயிறு கொஞ்சம் விழுந்து, சோலாப்பூர் பக்கம் துணி மில்லில் வேலைபார்த்த கையோடு வந்து இறங்கினான். அவள் பழம் காட்டிய ஜன்னலில் அவன்தான் இருந்தான். தட்டு கீழே விழுந்து கொய்யா நாலாபக்கமும் உருண்டது, நாங்கள்தான் பொறுக்கிக் கொடுத்தோம்.

அதே வாரத்தில் மங்கையின் புருஷன் ஜெயவீரனும் வந்தான்.

அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. மேசை டிராயரில் அவள் கையை வைத்து இழுத்துச் சாத்தியவன் அவன், அவள் இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. அன்றைக்கு அந்தக் கையோடு அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், எண்ணெய் போட்டுக் கட்டி, பாயைப் பகிர்ந்துகொண்டு, வாசலில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தவள் ஒச்சம்மாள்தான். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவன் “நான் போறேன், நீ கிடந்து சாவு” என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய்த் தொலைந்தான். அவன் போனதில்தான் மங்கைக்குக் கடை வந்தது, சொந்த வீட்டுச் சாவி வந்தது, ராத்திரி தூக்கம் வந்தது.

இப்போது அவன் கடைக்குள் நுழைந்து, பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் சாய்ந்தான். “எதுக்கு வந்தீங்க?” என்று மங்கை கேட்டாள்.

“இதென்ன கேள்வி? போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். வந்திருக்கேன்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். அவன் போன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, அவன் போட்டிருந்த சட்டை நினைவிருந்தது, வெயில் நினைவிருந்தது, ஆனால் அவன் வாய் திறந்த இடத்தில் காதுக்குள் கேட்டது போயிட்டு வர்றேன் என்பதுதான். அவள் நினைப்பிலும் அந்த வரி மாறியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் அப்படியேதான் இருந்தது.

ஊர் அவளுக்கு வாழ்த்துச் சொன்னது. எங்கள் புத்தி அப்படி. “உம் புருஷனும் வந்துட்டாராமே, நல்லா இரு” என்று பத்திரிகை அடிக்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டு அளவு கேட்டாள். அவன் முதல் சில நாள் சும்மா இருந்தான், அப்புறம் சாப்பாட்டில் குறை சொன்னான், அப்புறம் வருகிறவர்களிடம் அவள் சிரித்துப் பேசுவதில் குறை சொன்னான், அப்புறம் ஒரு நாள் அவள் கன்னம் வீங்கிய நிலையில் கடை திறந்தாள். ஒச்சம்மாளும் பஸ் ஸ்டாண்டுப் பெண்களும் சேர்ந்து அவனைத் துரத்தி, திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றி விட்டார்கள். பஸ்ஸுக்குள்ளிருந்து இளித்துக்கொண்டே “போயிட்டு வர்றேன்” என்றான், வந்தான். காலை இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டு போனார், மாலை இன்ஸ்பெக்டர் விட்டுவிட்டார், வந்தான். எங்கள் ஊரில் எல்லோரும் வருகிறார்கள் என்றால் அவனும்தான் வருவான்.

இது எங்கிருந்து வந்த வினை என்று மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலின் அடியில் நீண்டு நின்ற அந்த எண்ணை அவள் ஒச்சம்மாளிடம் சொன்னாள், ஒச்சம்மாள் ஒருத்தியிடம் சொன்னாள், பொழுது சாய்வதற்குள் பெருமாள்சாமி கமிட்டியோடு கடை வாசலில் நின்றார். மங்கை ஒன்றையும் மறைக்கவில்லை. “இந்த ஜன்னல் திறந்திருக்கிற வரைக்கும், கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினா எல்லாம் பழையபடி ஆயிரும்ணே. ஜன்னலை மூடிட்டா மிஷினு பழசை மறந்துரும், அப்புறம் எப்பவும் இப்படித்தான்” என்றாள்.

கமிட்டி கூடிப் பேசியது. யாருக்கும் யாரையும் திருப்பி அனுப்ப மனசில்லை; பெருமாள்சாமிக்கே, பாகப்பிரிவினையில் முறுக்கிக்கொண்டு போன தம்பி வந்து பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், கொடியிறக்கத்தன்று நல்ல நேரம் பார்த்து, பூசாரி முன்னிலையில் அந்த ஜன்னலை மூடுவது என்று தீர்மானம் ஆனது. அதுவரைக்கும் கரண்ட் போய்விடக் கூடாது என்று ரைஸ்மில்லிலிருந்து இன்வெர்ட்டர் வந்தது. மானிட்டருக்குச் சந்தனம் வைத்துப் பூ சாத்தினார்கள், வாத்துக்கு வாழைப்பழம் படைத்தார்கள். மங்கை மனசு மாறிவிடக் கூடாது என்பதற்காக, கீபோர்டிலிருந்து இசட் பொத்தானை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, அம்மன் காலடியில் வைத்துப் பூட்டினார்கள்.

பூட்டிவிட்டு நிம்மதியாகப் போனார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாதது என்னவென்றால், அதற்கு இசட் வேண்டியதே இல்லை. மேலே மெனுவில் ‘செயல்தவிர்’ என்று தமிழில் எழுதித் திறந்துதான் கிடந்தது, மவுஸை அங்கே கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டினால் போதும். பத்திரிகை வாங்க வந்த நாங்கள் எத்தனை தடவை அந்தத் திரையைக் குனிந்து பார்த்திருக்கிறோம், பூவையும் சந்தனத்தையும் பார்த்தோம், அந்தச் சொல்லைப் படிக்கவில்லை.

மங்கைக்குத் தெரியும். தினமும் காலையில் கடை திறந்து உட்கார்ந்ததும் அவள் கண் அங்கேதான் போகும். பின்னால் நாற்காலியில் ஜெயவீரன் உட்கார்ந்திருப்பான், அவன் மூச்சு அவள் கழுத்தில் படும், மவுஸ் கைக்குள் இருக்கும். வாசலுக்கு நேரே பஸ் ஸ்டாண்டில் ஒச்சம்மாளும் அவள் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாப்பழத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு தட்டுத் தட்டினால் இவன் போவான், அவனும் போவான். தன் கைக்குக் கட்டுப் போட்டவளின் பிள்ளையைத் தன் கையாலேயே பஸ் ஏற்றுவதா என்று நினைத்ததும் மவுஸை விட்டுவிடுவாள். அடி பழகிவிடும், பழகித்தானே இருந்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அப்படிச் சொல்லிக்கொள்கிற தன்னைப் பார்த்து அவளுக்கே அழுகை வரும்.

கொடியிறக்கத்துக்கு முதல்நாள் மத்தியானம், ஜெயவீரன் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, ஒச்சம்மாள் தட்டைத் தலையிலிருந்து இறக்காமல் கடைக்குள் வந்தாள். மங்கையின் உதடு கிழிந்திருந்ததைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“மங்க, எம்புள்ள டீக்குடிக்கப் போறான், போயிட்டு வர்றேம்மாங்குறான், வர்றான். சலூனுக்குப் போறான், போயிட்டு வர்றேம்மாங்குறான், வர்றான். அப்படிச் சொல்லி ஒரு தடவ கேட்டுற மாட்டமான்னு இந்த பஸ் ஸ்டாண்டுல நான் தேஞ்சிருக்கேன். இப்ப நாளெல்லாம் கேக்குறேன். ஆனா அது அவஞ் சொல்றதா, உன் மிசினு சொல்றதான்னு எனக்குத் தெரியல.”

மங்கை தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“அவனுக்கு அங்கிட்டு ஒரு பொட்டப்புள்ள இருக்குடி. மூணாப்பு படிக்குது. போன்ல அதுகிட்ட அவுக பாசையில பேசுறான், பேசிட்டு முகத்த அந்தப் பக்கமாத் திருப்பிக்கிறான். ரெண்டு தடவ வண்டி ஏறிப் பாத்துட்டான். ரெண்டு தடவயும் பாதி வழியில கால் தானா இறங்கி, திரும்பி வந்து எம்முன்னால நிக்குது. கட்டிப்போட்ட மாட்டுக்கு எங்கிட்ட பாசம்னு நான் எப்படிடி சொல்லிக்கிறது?”

“நாளைக்கு மூடிட்டாங்கன்னா அவரு உங்களோடவே இருந்துருவாருக்கா. எப்பவும்.”

“அதான் வந்தேன்.” ஒச்சம்மாள் தூங்குகிறவனைப் பார்த்தாள். “எனக்காகத்தான நீ அடி வாங்கிக்கிட்டு உக்காந்திருக்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒரு வார்த்த சொல்லு, கோயில் பூட்ட ஒடச்சு அந்த இசட்ட எடுத்துட்டு வர்றேன்.”

“அது வேணாம்க்கா” என்றாள் மங்கை. “அது இல்லாமலே முடியும்.”

இத்தனை நாளும் அது இவள் கையிலேயேதான் இருந்தது என்பது ஒச்சம்மாளுக்குப் புரிந்தது, புரிந்ததும் எழுந்து வந்து மங்கையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “அமுக்கு தாயி” என்றாள்.

மங்கை மெனுவைத் திறந்தாள். செயல்தவிர் என்பதன்மேல் அம்பை வைத்துத் தட்டினாள், இன்னொரு தடவையும் தட்டினாள், ஏனென்றால் மாற்றியது இரண்டு தடவை. வெள்ளை ஜன்னலில் வரிகள் ஒரு முறை சுருங்கின, பட்டாளத்துக்காரன் மறுபடி போகிறேன் என்று அழத் தொடங்கினான், கீழே இருந்த நீண்ட எண் மறைந்தது. சத்தம் என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஆட்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். சாப்பிட்டவர்கள் கையைக் கழுவினார்கள், சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்தார்கள், சம்பந்தி பேச்சைப் பாதியில் நிறுத்திப் பையைத் தேடினார், பெருமாள்சாமியின் தம்பி பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்தான். மனசில் ஒன்றும் இல்லாமல் எழுந்தவர்களும் இருந்தார்கள், கண் கலங்கி எழுந்தவர்களும் இருந்தார்கள், எங்களில் யாரும் யாரையும் பிடித்து நிறுத்தவில்லை. நிறுத்திப் பயனில்லை என்று ஏனோ தெரிந்திருந்தது. வடக்குத்தெருவில் அன்று காபி ஆறிப்போனது.

ஜெயவீரன் விழித்து, எழுந்து, மேசைக்கு அடியிலிருந்து பையை இழுத்தான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “நான் போறேன்” என்றான். வாசலில் நிற்கிறவருக்கு உள்ளே இருக்கிறவர் போயிட்டு வாங்க என்று சொல்வது எங்கள் பக்கம் மூச்சு விடுகிற மாதிரி, யோசித்துச் சொல்வது இல்லை, மங்கைக்கும் அது நாக்குநுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

“போங்க” என்றாள்.

அவன் போனான். சேலத்துப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள், நாங்கள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. மங்கை நாற்காலியைத் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் போட்டுவிட்டு, கடையை அப்படியே விட்டு, ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் எள் போட இடமில்லை. இருந்த வண்டியெல்லாம் நிரம்பி, கூரைமேல் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. வடக்கே போகிற வண்டியில் காசிமாயன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒச்சம்மாள் பழக்க தோஷத்தில் தட்டைத் தூக்கிக் காட்டினாள், அவன் ஒரு கொய்யாவை எடுத்துக்கொண்டான். எடுத்ததைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

“அந்தப் புள்ளைக்குக் குடு” என்றாள் ஒச்சம்மாள்.

“சரிம்மா.”

டிரைவர் வண்டியை எடுத்தார். ஒச்சம்மாள் தட்டோடு கூடவே நடந்தாள், மங்கை அவளைப் பிடித்தபடி நடந்தாள், இருவருக்கும் ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஹாரன்கூட அடிக்கவில்லை. காசிமாயன் வெளியே தலையை நீட்டி, அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்து, கண்ணில் தண்ணீரோடு சொன்னான்.

“போறேம்மா.”

வண்டி திரும்பி, பெட்ரோல் பங்க் தாண்டி மறைகிறவரைக்கும் இரண்டு பேரும் நின்றார்கள். அப்புறம் ஒச்சம்மாள் முந்தானையால் தட்டைத் துடைத்தாள், மிச்சம் இருந்த பழங்களை நகர்த்தி, காலி இடம் தெரியாமல் அடுக்கினாள். தலை நிமிராமலே கேட்டாள்.

“போயிட்டு வர்றேம்மான்னுதான சொன்னான்? நீயுங் கேட்டேல்ல?”

“கேட்டேன்க்கா” என்றாள் மங்கை. “அப்படித்தான் சொன்னாரு.”